மூன்று பெண் குழந்தைகளும் ஒரு கழித்தல் கணக்கும்

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கோர்ட்டுகளில் என்னை இரண்டு விஷயங்களுக்காகத் தெரியும். ஒன்று, என் தொண்டை. மைக் வேலை செய்யாத நாளிலும் நான் பேசுவது வெளியே டீக்கடை வரைக்கும் கேட்கும் என்பார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். இன்னொன்று, என் கருணைப் பேச்சு.

கிரிமினல் வழக்கில் குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று சொன்ன பிறகு, தண்டனையை அறிவிக்கும் முன், "தண்டனை பற்றி ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா?" என்று நீதிபதி ஒரு வார்த்தை கேட்பார். தோற்றுப்போன வக்கீல் கட்சிக்காரன் முன்னால் கொஞ்சம் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் இடம் அது. நான் கவுனை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்திருப்பேன். வயதான தாயார், படுக்கையில் கிடக்கும் தகப்பனார், வாயில்லாப் பூச்சியான மனைவி, கரையேற்ற வேண்டிய மூன்று பெண் குழந்தைகள். கட்சிக்காரர்தான் மாறுவார், குடும்பம் மாறாது. கல்யாணமே ஆகாத ஒரு பையனுக்குக்கூட ஒருமுறை ஒரு வேகத்தில் மூன்று பெண் குழந்தைகளைக் கொடுத்துவிட்டேன். வெளியே வந்ததும் அவன் தண்டனையைப் பற்றிப் பேசவில்லை. "அண்ணாச்சி, இது வெளிய தெரிஞ்சா எனக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்று அழாத குறையாகக் கேட்டான்.

இப்படிப்பட்ட நான்தான் குற்றவியல் சட்டங்கள் மாறியபோது ஜூனியர்களுக்கு வகுப்பும் எடுத்தேன். பழைய பிரிவு எது, புதிய பிரிவு எது, எல்லாம் தலைகீழாகச் சொல்வேன். அதில் ஒன்று, தீர்ப்புக்கு முன்னால் ஒருவர் சிறையில் இருந்த காலத்தைத் தண்டனையில் கழித்துக்கொள்ளும் உரிமை. கோர்ட்டில் 'செட் ஆஃப்' என்போம். பழைய சட்டத்திலும் உண்டு, புதிய சட்டத்திலும் உண்டு, நம்பர்தான் வேறு. அந்த நம்பரையும் நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். சட்டத்தை மண்டையில் வைத்திருந்தால் போதும், வாயில் வராவிட்டாலும் பரவாயில்லை என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானாகவே கற்றுக்கொண்டேன்.

பசுவந்தனைப் பக்கத்திலிருந்து ஒரு சம்சாரி, விவசாயி, எனக்குக் கட்சிக்காரராக வந்தார். சொந்த நிலம் கிடையாது, மூன்று குறுக்கம் கரிசல் நிலத்தை வாரத்துக்கு உழுதுகொண்டிருந்தார். விளைச்சலில் ஒரு பங்கு நிலத்துக்காரருக்கு, மிச்சம் இவருக்கு. மாசி மாதத்தில் ஒரு நாள், களத்தில் காயப்போட்ட கொத்தமல்லியில் பக்கத்துக்காரரின் ஆடு வாய்வைக்க, வாய்ச்சண்டை முற்றி, இவர் மண்வெட்டியைத் திருப்பி அடித்ததில் அவருக்குக் கை ஒடிந்துவிட்டது. அடித்தது உண்மை. அடிபட்டவரை பைக்கில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இவரேதான். அங்கேயே வைத்துப் போலீஸ் பிடித்துக்கொண்டது.

ஜாமீன் உத்தரவைச் சித்திரையிலேயே வாங்கிவிட்டேன். அன்று வக்கீல்கள் அறையில் எல்லாருக்கும் டீ என் கணக்கில்தான். ஆனால் ஜாமீனுக்கு இரண்டு பேர் முன்வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒரே ஊர், அடிபட்டவரும் சொந்தக்காரர், யார் வந்து போடுவார்கள்? "உத்தரவு வாங்குறதுதான் என் வேல. ஆள் பிடிக்கிறது உங்க வேல" என்று அவர் மனைவியிடம் சொல்லிவிட்டு அடுத்த வழக்குக் கட்டை எடுத்துவிட்டேன். அவள் நாகலாபுரம் வரைக்கும் போய்த் தன் பிறந்த வீட்டுப் பக்கம் இரண்டு பேரைப் பிடித்துக் கொண்டுவருவதற்குள் ஆவணி ஆகிவிட்டது. ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டுத்தான் வெளியே வந்தார். வழக்கு நடந்து, தீர்ப்பு வந்தது மறுவருடம் பங்குனியில்.

குற்றவாளிதான் என்றார் நீதிபதி. நான் எழுந்தேன். அன்றைக்குத் தொண்டை நல்ல பதத்தில் இருந்தது. தாயார் வந்தார், தகப்பனார் வந்தார், மூன்று பெண் குழந்தைகளும் வரிசையாக வந்தார்கள். அவருக்கு இருப்பது ஒரே பையன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண் கலங்கிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அன்று புழுதிக்காற்று. ஒரு வருடம் என்று சொன்னார். மூன்று வருடம் வரைக்கும் போட்டிருக்கலாம். நான் வெளியே வந்த நடையைப் பார்த்தவர்கள், வழக்கில் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்திருப்பார்கள்.

அவர் மனைவி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். "புரட்டாசி விதைப்புக்கு அவிய வந்துருவாவளா, அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

அவள் கேட்ட மாதிரி ஒரு சட்டக் கேள்வியை அன்றைக்கு அந்தக் கட்டிடத்தில் வேறு யாரும் கேட்கவில்லை. நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன். "இந்தப் பங்குனியில உள்ள போனா அடுத்த பங்குனியிலதாம்மா வெளிய. ஒரு வருஷ வெள்ளாமை போனாப் போகட்டும். மூணு வருஷம் விழுந்திருக்க வேண்டியது. நான் பேசுன பேச்சுல ஒண்ணாயிருக்கு" என்றேன்.

"நிலத்துக்காரவிய, விதைப்புக்கு ஆம்பள ஆள் நின்னாத்தான் வாரத்துக்கு விடுவேன்னு சொல்லுதாவ. இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாவளாம். அந்த நிலத்த விட்டா எங்களுக்கு வேற என்னத்த இருக்கு?"

"நல்லவிதமாப் பேசிப் பாரும்மா" என்றேன். எனக்கு அடுத்த கோர்ட்டில் வழக்கு இருந்தது. அவளும் சரிங்க அண்ணாச்சி என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். அதற்கப்புறம் அவள் தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்கும் வேலைக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். ஐயோ பாவம் என்றுகூட ஒரு தடவை நினைத்ததாக ஞாபகம்.

ஐப்பசி பிறந்து சில நாட்கள். மத்திய சிறையில் கைதிகளுக்குச் சட்ட விழிப்புணர்வு முகாம் என்று என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்டால் போகாமல் இருப்பேனா? புதுச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு போனேன். அந்த வருடம் மழை தள்ளிப்போயிருந்தது, வெயில் மண்டையைப் பிளந்தது. பெரிய கொட்டகையில் கைதிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மைக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுப் பேச ஆரம்பித்தேன்.

பேச்சு செட் ஆஃபுக்கு வந்தது. எளிய மக்களுக்கு எளிய உதாரணம் சொல்ல வேண்டும் என்பது என் கொள்கை. அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஒருத்தரு மாசி மாசம் கைதாகுதாரு. ஆவணியில ஜாமீன்ல வெளிய வாராரு. அடுத்த பங்குனியில ஒரு வருஷம் தண்டன, உடனே உள்ள போறாரு. ஏற்கெனவே இருந்த ஆறு மாசத்தக் கழிச்சுப் பாருங்க. எப்ப வீட்டுக்குப் போவாரு?"

கொட்டகையே விரல் விட்டு எண்ணியது. "புரட்டாசி!" என்று கத்தினார்கள்.

"புரட்டாசி! அதுக்கு மேல ஒரு நாள் அவர உள்ள வச்சாலும் அது அநியாயம்!" என்று மேஜையைத் தட்டினேன். நல்ல கைத்தட்டல். கைத்தட்டல் ஓய்ந்த பிறகும் மூன்றாவது வரிசையில் ஒருவர் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் இருந்தவர்களிடம், "எங்க வக்கீல் அண்ணாச்சிலா! என் கேஸத்தான் சொல்லுதாவ" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாயில் வந்த உதாரணம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவர் எழுந்து நின்றார். ஆறேழு மாதத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "அண்ணாச்சி, இப்பம் ஐப்பசி ஆயிட்டே. அப்ப நான் எப்பம் போகலாம்?" என்று கேட்டார். குத்திக்காட்டிக் கேட்கவில்லை. பஸ் எப்போது வரும் என்பது போலக் கேட்டார். மொத்தக் கொட்டகையும் என்னைப் பார்த்தது. முன்வரிசையில் சிறைக் கண்காணிப்பாளரும் பார்த்தார்.

"அதுக்குத்தான தம்பி வந்திருக்கேன்" என்றேன். எப்படித்தான் வந்ததோ அந்தப் பொய், ஒரு விக்கல்கூட இல்லாமல் வந்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

அவர் உட்காரவில்லை. "ஊர்ல மழ விழுந்துட்டா, அண்ணாச்சி?"

"இன்னும் இல்ல தம்பி."

"நல்லவேள. இன்னும் விதைச்சிருக்க மாட்டாவ" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

முகாம் முடிந்ததும் கண்காணிப்பாளர் டீ கொடுத்தார். "கோர்ட் உத்தரவுல கழிக்கச் சொல்லி ஒரு வரி இல்லையே சார். நாங்களா கழிக்க முடியாது. நீங்க கேக்கலையா?" என்றார். டீ நன்றாக இருக்கிறது என்றேன்.

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் வழியே வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். கிழக்கே ஒரு மேகம் கூடியிருந்தது. கரிசல் சீமையில் பிறந்த ஒருவன், சாமி, இன்னும் பத்து நாளைக்கு மழையைக் கொடுத்துவிடாதே என்று வேண்டிக்கொண்டது அநேகமாக அன்றைக்குத்தான். பஸ்ஸில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தால் இறக்கிவிட்டிருப்பார்கள்.

என் மனைவி தொடக்கப்பள்ளி ஆசிரியை. சோற்றைப் பிசைந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "ஏங்க, கழித்தல மூணாம் வகுப்புலதான் நடத்துதேன். நாளைக்கி வந்து பின் பெஞ்சுல உக்காருதீங்களா?" என்றாள். பிறகு சிரிக்காமல், "அந்தப் பிள்ள நெலம் போயிரும்லா?" என்று கேட்டாள். பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினேன்.

மறுநாள் வக்கீல்கள் அறையில் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியாது, மனு போட்டால் தெரிந்துவிடும். ஓவென்று சிரித்தார்கள். ஜெயிலுக்கே போய்த் தன் தப்பைத் தானே மேடை போட்டுச் சொல்லிவிட்டு வந்த ஒரே வக்கீல் என்று பட்டம் கட்டினார்கள். சிரித்து முடித்த பிறகு, என்னைவிட மூத்தவர் ஒருவர் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போய், போன வருடத்து வழக்குக் கட்டுகளை எடுத்து வைக்கச் சொல்லித் தன் குமாஸ்தாவிடம் பேசினார். இன்னும் இரண்டு பேர் டீயைக் குடிக்காமலேயே எழுந்து போனார்கள். ஒரு கழுதை கத்தினால்தான் மற்றதுக்கெல்லாம் நினைவு வருகிறது. கத்திய கழுதை நான் என்பதில் எனக்கு ஒரு அற்பத் திருப்தி இருந்ததையும் மறைக்கக் கூடாது.

மனு எழுத உட்கார்ந்தேன். இவ்வளவு நாள் ஏன் கேட்கவில்லை என்பதற்கு ஒரு காரணம் எழுத வேண்டும். 'தவிர்க்க முடியாத சூழ்நிலையால்' என்று எழுதினேன். என்ன சூழ்நிலை? அடித்தேன். 'தகவல் கிடைக்காததால்' என்று எழுதினேன். ஜாமீன் வாங்கியதே நான். அதையும் அடித்தேன். 'மனுதாரரின் அறியாமையால்' என்று எழுதியபோது எனக்கே கூசியது. கடைசியில் 'மனுதாரரின் வழக்கறிஞர் கேட்கத் தவறியதால்' என்று எழுதினேன். அந்த வழக்கறிஞரின் பெயரை அடியில் கையெழுத்தாகவும் போட வேண்டியிருந்தது.

தீர்ப்புச் சொன்ன நீதிபதி மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் ஒரு அம்மா, சின்ன வயது. மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்து, "இத்தனை மாசம் எங்க சார் இருந்தீங்க?" என்று கேட்டார்.

"இங்கதாங்கம்மா இருந்தேன்" என்றேன். பின்னால் யாரோ இருமினார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பழகிய வாய் நிற்குமா? "மாண்புமிகு நீதிமன்றம் கருணை கூர்ந்து, மனுதாரரின் வயதான தாயாரையும்..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"சார், சார்" என்று கையை உயர்த்தினார். "கருணை எதுக்கு? இது அவர் உரிமை. எப்ப உள்ள போனார், எப்ப வெளிய வந்தார், அந்த ரெண்டு தேதிய மட்டும் சொல்லுங்க."

இருபத்தைந்து வருடம் கோர்ட்டில் நின்று பேசியவனுக்கு அந்த இரண்டு தேதியும் வாயில் வரவில்லை. கட்டைப் புரட்டித் தேடினேன். இல்லாத குழந்தைகளின் படிப்புவரைக்கும் எனக்கு மனப்பாடம். அரசுத் தரப்பு வக்கீலே பார்க்கச் சகிக்காமல் தன் கட்டிலிருந்து தேதியை எடுத்துக் கொடுத்தார். ஆட்சேபம் இல்லை என்றும் அவரே சொல்லிவிட்டார். நீதிபதி உத்தரவு போட்டுவிட்டார். என் தொழில் வாழ்க்கையிலேயே நான் மிகக் குறைவாகப் பேசி ஜெயித்த வழக்கு அது.

உத்தரவின் நகல் கைக்கு வருவதற்குள் தீபாவளி லீவு வந்துவிட்டது. லீவு விட்ட அன்றே மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை, விடாத மழை. ஊரே சந்தோஷப்பட்டது. தெருவில் பிள்ளைகள் நனைந்த வெடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தீபாவளி இட்லியை முன்னால் வைத்துக்கொண்டு, கூரைத் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். "நின்னுருமாங்க?" என்று என் மனைவி கேட்டாள். இந்த மழை நிற்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

கோர்ட் திறந்து நகல் கைக்கு வந்ததும் யாரையும் நம்பாமல் நானே சிறைக்குக் கொண்டுபோனேன். அவர் ஒரு துணிப்பையோடு வெளியே வந்து என் காலைத் தொடக் குனிந்தார். பதறிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் வழி முழுக்க வானத்தைப் பற்றியும் மண்ணைப் பற்றியும்தான் பேசினார். ஈரம் எவ்வளவு இறங்கியிருக்கும், கால் வைக்க எத்தனை நாள் ஆகும், உளுந்து போடலாமா பாசி போடலாமா. நான் உம் கொட்டிக்கொண்டு வந்தேன்.

ஊருக்குள் போகும் ரோட்டை ஒட்டித்தான் அந்த மூன்று குறுக்கமும் இருந்தது. பஸ் இறங்கிப் பிடித்த ஆட்டோவை அங்கே நிறுத்தச் சொன்னார். கறுத்த மண்ணில் வரிசை வரிசையாக உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. மழைக்கு முந்தின நாளே யாரோ விதைத்திருக்கிறார்கள். அவர் வரப்பில் இறங்கி, குனிந்து ஒரு முளையைத் தடவிப் பார்த்தார்.

"நல்லா மொளச்சிருக்கு" என்றார்.

அவர் மனைவி ரோட்டோரம் வந்து நின்றாள். கையில் தீப்பெட்டி மருந்தின் கறை. "நிலத்துக்காரவிய புரட்டாசி முச்சூடும் பொறுத்துப் பாத்தாவ. மேகம் கூடவும் வேற ஆளுக்குக் குடுத்துட்டாவ" என்றாள். அவர் தலையை ஆட்டினார். எங்களைப் பார்த்து ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர்களிடம் என்னைக் காட்டி, "அண்ணாச்சி பேசித்தான் ஆறு மாசத்தக் குறைச்சுட்டாவ. இல்லன்னா பங்குனிதான்" என்றார். ஒருவர் என் செல் நம்பரைக் கேட்டார். அவர் மச்சானுக்கும் ஏதோ வழக்காம்.

சும்மா இருந்திருந்தால் எனக்கு ஒரு கட்சிக்காரர் கிடைத்திருப்பார். என்னால் முடியவில்லை.

"தம்பி, நான் எதையும் குறைக்கல. அந்த ஆறு மாசம் உனக்கு உள்ளதுதான். போன பங்குனியில, தீர்ப்பு அன்னைக்கே, நான் ஒரு வரி கேட்டிருக்கணும். கேக்கல. கேட்டிருந்தா நீ புரட்டாசியிலயே வந்து நின்னிருப்ப. நெலம் உங்கிட்ட இருந்திருக்கும்."

நம்பர் கேட்டவர் செல்லைப் பையில் போட்டுக்கொண்டார். சம்சாரி என் பக்கம் திரும்பினார். கோபப்படுவார் என்று நினைத்தேன், திட்டினாலும் வாங்கிக்கொள்ளத்தான் நின்றேன். அவருக்கு நான் இன்னமும் வக்கீல்தான். ஒரு சந்தேகத்தைக் கேட்பது போலத்தான் கேட்டார்.

"மொதல்ல இருந்தத இதுல கழிச்சாச்சு. சரி. புரட்டாசிக்கு மேல இருந்தேனே அண்ணாச்சி, அத எதுல கழிப்பாவ?"

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

அவர் மனைவி அவர் கையிலிருந்த துணிப்பையை வாங்கிக்கொண்டாள். "இனி ஏதும் கேஸ் வந்தா அதுல கழிச்சுக்கிடலாம்னு மட்டும் சொல்லிராதீங்க, அண்ணாச்சி" என்றாள்.

அப்படிக் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை, அந்தந்த வழக்கில் இருந்ததை அந்தந்த வழக்கில்தான் கழிக்க முடியும் என்று சொல்ல, சத்தியமாக, நான் வாயைத் திறந்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.